அந்த வாத்தியாருக்கு வேற சோலி இல்லையா?

போன மாதம் ரெண்டு நாள் லீவு கிடைத்தது. ரயிலேறி நாகர்கோவிலில் இறங்கி, நேராக பூதப்பாண்டிப் பக்கம் இருக்கும் ஆச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போனில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காட்சி இதுதான். ஒரு பள்ளிக்கூடம். கோட் சூட் போட்ட பிரின்சிபல் வெளியே நடந்து வருகிறார். எதிரே ஒரு மான். ரெண்டு பேரும் முறைத்துக்கொள்கிறார்கள். மான் முட்டுகிறது. பிரின்சிபல் உருள்கிறார், எழுகிறார். கடைசியில் மானைப் பின்பக்கமாகக் கட்டிப்பிடித்துத் தூக்கி, முதுகை வில்லாக வளைத்துத் தரையில் ஒரே அடி. மல்யுத்தத்தில் இதற்கு ஜெர்மன் சூப்ளெக்ஸ் என்று பெயர். இத்தனையையும் ஜன்னல் வழியாக ஒரு மாணவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். மான் ஏன் வந்தது, பிரின்சிபல் ஏன் சண்டை போட்டார் என்பதற்கெல்லாம் விளக்கமே கிடையாது.

எத்தனையாவது தடவை பார்க்கிறேன் என்று கணக்கில்லை. இருந்தாலும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

``ஏட்டி, தனியா இருந்து என்னத்துக்குச் சிரிக்கே?"

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, போனை அவள் பக்கம் திருப்பி, முதலிலிருந்து ஓடவிட்டேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் முழுசாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

``அந்த வாத்தியாருக்கு வேற சோலி இல்லையா?"

அந்தக் காட்சியைப் பார்த்து இத்தனை வருஷமாகச் சிரித்ததை எல்லாம் சேர்த்தால்கூட, அன்றைக்கு ஆச்சியின் கேள்விக்குச் சிரித்த அளவுக்கு வராது. ஏன் என்று சென்னைக்குத் திரும்பும் ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். இந்த வாரப் பத்தி அதைப் பற்றித்தான்.

ரெண்டு நிமிஷக் கிறுக்குத்தனம்

நான் பார்த்த கார்ட்டூனின் பெயர் `நிச்சிஜோ'. ஜப்பானிய மொழியில் `அன்றாட வாழ்க்கை' என்று அர்த்தம். பெயரிலேயே கிண்டல்! அராவி கெய்இச்சி என்பவர் வரைந்த காமிக்ஸை, கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் 2011-ல் 26 எபிசோடுகளாக எடுத்தது. ஒவ்வொரு எபிசோடும் குட்டிக் குட்டித் துணுக்குகளின் தொகுப்பு. முதல் எபிசோடில் ஒரு பெண் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவாள். வானத்திலிருந்து அவள் தலையில் ஒரு மரப்பொம்மை விழும். அடுத்து ஒரு சிவப்பு மாட்டுப் பொம்மை. அதற்கடுத்து ஒரு முழு சால்மன் மீன்!

இதைவிடக் குட்டியான தொடர்களும் அங்கே நிறைய. 2012-ல் தொடங்கிய `டீக்யூ' ஒரு எபிசோடுக்கு ரெண்டே நிமிஷம். டென்னிஸ் கிளப்பில் நாலு பெண்கள். டென்னிஸ் மட்டும் ஆடவே மாட்டார்கள். மூச்சு விடாமல் பேசுவார்கள். அதே வருஷம் ட்ரிக்கர் ஸ்டூடியோ யூடியூபில் விட்ட `இன்ஃபெர்னோ காப்' மூன்று நிமிஷம். தலை எரிந்துகொண்டிருக்கும் ஒரு போலீஸ்காரர்தான் ஹீரோ. காகிதத்தில் வெட்டி ஒட்டி ஆட்டியதுபோலத்தான் படமே இருக்கும். 2021-ல் வந்த `புய் புய் மோல்கார்' ரெண்டு நிமிஷம் நாற்பது விநாடி. கினிப்பன்றிகள்தான் அந்த ஊரில் கார்கள். வசனமே கிடையாது, நிஜக் கினிப்பன்றியின் கீச்சுக்குரலைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

`ரீல்ஸ் காலத்துக்கு ஏற்றபடி யோசித்திருக்கிறார்கள்' என்று தோன்றும். ஆனால், இந்த வழக்கம் ரீல்ஸுக்கு மூத்தது. ஜப்பானியப் பத்திரிகைகளில் `யோன்கோமா' என்று ஒன்று உண்டு. யோன் என்றால் நாலு, கோமா என்றால் கட்டம். மேலிருந்து கீழே நாலு கட்டம், அதற்குள் ஒரு ஜோக். முதல் கட்டத்தில் விஷயம் தொடங்கும், ரெண்டாவதில் வளரும், மூன்றாவதில் யாரும் எதிர்பார்க்காதபடி திரும்பும், நாலாவதில் முடியும். 1946-ல் ஹசெகாவா மச்சிகோ என்ற பெண் வரையத் தொடங்கிய `சசாயே-சான்' அப்படி ஒரு நாலு கட்டக் குடும்பக் கதை. அதிலிருந்து உருவான டி.வி தொடர் 1969-ல் தொடங்கி இன்னும் ஓடுகிறது. உலகிலேயே நீண்டகாலம் ஓடும் அனிமேஷன் தொடர் என்று கின்னஸில் இடம்பிடித்திருக்கிறது.

நாலு கட்ட ஜோக்கைப் படமாக்கினால் அரைமணி நேரத்துக்கு இழுக்க முடியாது. ராத்திரி நேரத்தில் ஐந்து நிமிஷ இடம் கிடைத்தால் போதும். பணமும் குறைவு, ஆளும் குறைவு. பெரிய பணம் இல்லாததால் `இது எல்லோருக்கும் பிடிக்க வேண்டுமே' என்ற பயமும் குறைவு. அதனால்தான் மீன் வானத்திலிருந்து விழுகிறது.

எல்லை தாண்டிய சில பேர்

இப்படிப்பட்ட தொடர்களுக்கு வெளிநாட்டில் பெரிய கூட்டம் எப்போதும் இருந்ததில்லை. ஆனால், இருக்கிற கூட்டம் விடாப்பிடியானது. `நிச்சிஜோ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் டிஸ்க் விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் அதை வெளியிடுவதாக இருந்த பண்டாய் என்டர்டெயின்மென்ட், 2012 தொடக்கத்தில் புது வெளியீடுகளையே நிறுத்திக்கொண்டது. அந்தப் பட்டியலில் மாட்டியதில் `நிச்சிஜோ'வும் ஒன்று. வேறொரு நிறுவனம் மூலம் அங்கே டிஸ்க் வந்தது 2017-ல். ஆங்கில டப்பிங் வந்தது 2019-ல். தொடர் முடிந்து எட்டு வருஷம் கழித்து ஒரு டப்பிங்! அந்த எட்டு வருஷமும் அதை உயிரோடு வைத்திருந்தது ரசிகர்கள்தான். மானையும் பிரின்சிபலையும் துண்டு துண்டாக வெட்டி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். டிப்ளோமா படிக்கும்போது ஹாஸ்டலில் எனக்கு வந்ததும் அப்படி ஒரு துண்டுதான்.

நான் அந்தச் சில பேரில் ஒருத்தி. இதில் ஒரு சின்ன சங்கடம் உண்டு. `என்ன பார்த்துச் சிரிக்கிறே?' என்று யாராவது கேட்டால் விளக்க முடியாது. `ஒரு பிரின்சிபல் இருக்கார், ஒரு மான் இருக்கு...' என்று ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். அதனால்தான் ஹெட்போன். அதனால்தான் தனியாகச் சிரிப்பது.

கவுண்டமணி ஜப்பானில் பிறந்திருந்தால்...

ஆச்சி கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஜப்பானில் `மன்சாய்' என்று ஒரு மேடைக் காமெடி இருக்கிறது. ஒசாகா நகரம் அதற்குப் பேர்போனது. ரெண்டு பேர் நின்று பேசுவார்கள். ஒருவர் சம்பந்தா சம்பந்தமில்லாமல் உளறுவார். அவர் `போக்கே'. இன்னொருவர் `என்னய்யா உளறுறே?' என்று உடனுக்குடன் திருப்பிக் கேட்பார், சமயத்தில் தலையில் ஒன்று போடுவார். அவர் `ட்சுக்கோமி'.

படித்தவுடன் உங்களுக்கு யார் ஞாபகம் வந்தார்கள் என்று தெரியும். 1989-ல் வந்த `கரகாட்டக்கார'னின் வாழைப்பழக் காமெடியில், ரெண்டு பழத்துக்குக் காசு வாங்கிப் போய் ஒரு பழத்தோடு வந்து நிற்கும் செந்தில்தான் போக்கே. இன்னொரு பழம் எங்கே என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறளும் கவுண்டமணிதான் ட்சுக்கோமி. செந்தில் சொல்லும் பதில் ஒருமுறை சிரிக்கவைக்கும். அதைக் கேட்டுக் கவுண்டமணி படும் பாடுதான் முப்பத்தைந்து வருஷம் கழித்தும் சிரிக்கவைக்கிறது.

எங்கள் ஊருக்கு இது இன்னும் பழைய சமாசாரம். கொடைக்கு வில்லுப்பாட்டு வைத்தால், புலவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் `ஆமா' போடுவார். நடுநடுவே `அப்பிடியா சேதி?', `பொறவு?' என்று கேட்பார். அவர் கேட்காவிட்டால் புலவருக்குக் கதை நகராது. குடம், உடுக்கு மாதிரி அந்தக் கேள்வியும் ஒரு வாத்தியம். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் அந்த வில்லுப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர், பாடியவர். பிறகு சினிமாவுக்குப் போய், மூலக்கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் தனியாக ஓடும் காமெடிப் பகுதியை ஒரு வழக்கமாகவே ஆக்கினார். படத்துக்குள்ளே பத்து நிமிஷக் குட்டிப் படம். அவர் ஏதாவது சொல்ல, டி.ஏ.மதுரம் மடக்கிக் கேட்க, அந்தக் கேள்வியில்தான் சிரிப்பு பிறக்கும். குறும்படக் காமெடி நமக்கு டோக்கியோவிலிருந்து இறக்குமதியாக வேண்டிய சரக்கு இல்லை.

மான் காட்சியில் ஒரு விசேஷம். அதில் ட்சுக்கோமி கிடையாது. ஜன்னலில் நிற்கும் மாணவி ஒரு வார்த்தை திருப்பிக் கேட்பதில்லை. அந்த இடத்தை நமக்காகக் காலியாக விட்டிருக்கிறார்கள். தனியாகப் பார்க்கும்போது நானும் கேட்கவில்லை, சிரித்துவிட்டுப் போனேன். ஆச்சி வந்து உட்கார்ந்தாள். காலியாக இருந்த இடத்தில் சரியாக வந்து விழுந்தது கேள்வி.

ஷின்-சான் எப்படி ஜெயித்தான்?

`இது நமக்கு ஒட்டாது' என்று நினைப்பவர்களுக்கு ஒரு சாட்சி, ஷின்-சான். உசுய் யோஷிதோ 1990-ல் வரையத் தொடங்கிய ஐந்து வயதுப் பையன். அவன் கதையும் குட்டிக் குட்டிதான். ஒரு எபிசோடில் மூன்று கதை. 2006-ல் ஹங்கமா டி.வி மூலமாக இந்தியாவுக்கு வந்தான். பெரியவர்களிடம் இவன் பேசும் பேச்சைக் கேட்டுப் பெற்றோர்கள் கொதித்துப்போக, 2008-ல் மத்திய அரசு தடை போட்டது. அடுத்த வருஷம் வெட்ட வேண்டியதை வெட்டிவிட்டுத் திரும்பி வந்தான். போன வருஷம் என்ன நடந்தது தெரியுமா? 2025 ஆகஸ்டில் ஜப்பானில் ரிலீஸான ஷின்-சான் படத்தின் கதையே இந்தியாவில்தான் நடக்கிறது!

ஷின்-சான் தமிழில் பேசியபோது எங்கள் தலைமுறைக்கு அவன் ஜப்பான்காரன் என்பதே மறந்துபோனது. அவன் பக்கத்து வீட்டுப் பயல். ஸ்கூல் விட்டு வந்து, ஆச்சி வீட்டு டி.வி முன்னால் நானும் சித்தி பிள்ளைகளும் உட்கார்ந்தால், பின்னால் தாத்தா ஈஸிசேரில் இருப்பார். ``இந்தப் பயல ரெண்டு சாத்து சாத்தணும்" என்பாள் ஆச்சி. ``நம்ம பயலுவ என்ன வாழுதாம்?" என்பார் தாத்தா. நாங்கள் ஷின்-சானைப் பார்த்துச் சிரித்தது பாதி, அவர்கள் ரெண்டு பேரையும் கேட்டுச் சிரித்தது பாதி. வீட்டுக்குள்ளேயே ஒரு மன்சாய் ஓடியிருக்கிறது. அப்போது தெரியவில்லை.

இப்போது தமிழில் அனிமே வருவது சகஜமாகிவிட்டது. 2025 செப்டம்பரில் `டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' தமிழ் பேசிக்கொண்டே தியேட்டருக்கு வந்தது. `சோலோ லெவலிங்' தமிழில் கிடைக்கிறது. வாள், சண்டை, ரத்தம் எல்லாவற்றுக்கும் தமிழ் கிடைக்கிறது. இந்த ரெண்டு நிமிஷக் கிறுக்குக் காமெடிகள் எதையும் தமிழில் நான் பார்த்ததில்லை.

காரணம் இருக்கிறது. சண்டைக்கு மொழி கம்மி. காமெடிக்கு மொழிதான் மூலதனம். ஜப்பானியர்களின் பழைய கடி ஜோக் ஒன்று: `ஃபுதோன் கா ஃபுத்தோந்தா'. மெத்தை பறந்துபோச்சு என்று அர்த்தம். ஒரே ஓசை திரும்ப வருவதுதான் ஜோக். தமிழில் சொன்னால் மெத்தை மட்டும் பறக்கும், ஜோக் பறக்காது. பதிலுக்கு கன்னியாகுமரி பீச்சில் உட்கார்ந்து `கடலைப் பார்த்துக்கிட்டே கடலை தின்னேன்' என்று நாம் சொன்னால், டோக்கியோக்காரருக்கு அது வெறும் தகவல். இதை மொழிபெயர்க்க அகராதி தெரிந்தவர் போதாது. அந்த இடத்தில் நம்மூர்க்காரர் என்ன கடி கடிப்பார் என்று தெரிந்தவர் வேண்டும். ஷின்-சானுக்குத் தமிழ் எழுதியவர்கள் அதைச் செய்தார்கள். அவர்கள் யார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு தலைமுறைக்கே சிரிப்பு எழுதியவர்களின் பெயர் அந்தத் தலைமுறைக்குத் தெரியாமல் போனது நியாயமில்லை.

மொழி தெரியாமலும் ஒட்டிக்கொள்வது உண்டு. 1998-ல் டோக்கியோவின் ஷிபுயாவில் ரஜினியின் `முத்து' ரிலீஸானது. அங்கே அதற்கு வைத்த பெயர் `முத்து: ஆடும் மகாராஜா'. மாதக்கணக்கில் ஓடியது. திடீரென்று நூறு பேர் வந்து ஆடுவதும், ஹீரோ துண்டைச் சுழற்றினால் காற்று அடிப்பதும் நமக்கு சாதாரணம். முதல்முறை பார்க்கிற ஜப்பானியருக்கு அது வானத்திலிருந்து விழுந்த மீன். ஆனால், அதை அவர்கள் தியேட்டரில், கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். `என்ன இது!' என்று பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது.

ஆச்சியின் ரிமோட்

தாத்தா போய் ரெண்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகு ஆச்சி வீட்டில் டி.வி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, சத்தத்துக்காக. முன்பெல்லாம் சீரியல் பார்த்தால் நிமிஷத்துக்கு ஒரு கேள்வி கேட்பாள். `இவ ஏன் அழுதா?', `அவன் எங்க போறான்?' தாத்தா சலித்துக்கொண்டே பதில் சொல்வார். இப்போது கேட்பதில்லை. பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் யார் கேள்வி கேட்பார்கள்? போனில் பேசினாலும் `சாப்டியா, நல்லாருக்கியா' என்பதோடு முடிந்துவிடும். நானும் அவசரத்தில் வைத்துவிடுவேன்.

அதனால்தான் `வேற சோலி இல்லையா' என்று அவள் கேட்டபோது எனக்கு அவ்வளவு சிரிப்பு வந்தது. அதோடு வேறு என்னவோவும் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம்வரை போன் அவள் கையில்தான். சால்மன் விழும் காட்சியைப் போட்டேன். ``என்ன மீனு அது? நெய்மீனா? அம்புட்டுப் பெரிய மீனு சும்மா கிடைச்சிருக்கு, எடுத்துட்டு வீட்டுக்குப் போகாம அந்தப் பிள்ளை ஏன் நிக்கா?" மோல்கார் போட்டேன். ``பெருச்சாளிக்குள்ள ஏறி உக்காந்தா போறானுவ? நாறாதா?" வசனம் இல்லாததால் அது அவளுக்கு ரொம்பப் பிடித்தது. பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு நாலு எபிசோடு பார்த்தாள்.

எல்லாம் எடுபட்டது என்று சொல்லமாட்டேன். என்னுடைய ஃபேவரிட் `பாப் டீம் எபிக்'. 2018-ல் வந்தது. ஒரே எபிசோடைக் குரல் கொடுப்பவர்களை மட்டும் மாற்றி உடனே ரெண்டாவது தடவை போடுவார்கள். பார்ப்பவர்களை வேண்டுமென்றே வெறுப்பேற்றும் தொடர். ஆச்சி ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, ``இதுல சண்டையுமில்ல, சமாதானமுமில்ல" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதன் ஜோக்குகள் பாதிக்குமேல் ஜப்பானிய சினிமாவையும் வீடியோ கேமையும் கிண்டலடிப்பவை. அந்த ஊர் விவரம் தெரியாமல் கேள்விகூடக் கேட்க முடியாது.

வீட்டில் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் சின்ன யோசனை: குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்க மோல்கார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் நிச்சிஜோ. பாப் டீம் எபிக் குழந்தைகளுக்கு வேண்டாம். எதைப் பார்த்தாலும் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். `இது உங்களுக்குப் புரியாது' என்று முன்கூட்டியே முடிவுகட்டாதீர்கள். புரியாமல் அவர்கள் கேட்கும் கேள்விதான் இந்தக் காமெடியின் மறுபாதி.

சென்னைக்கு வந்து நாலாவது நாள். டெஸ்க்கில் தலைக்கு மேல் வேலை. போன் அடித்தது. ஆச்சி. அவளாகக் கூப்பிட்டு வெகுநாளாகிறது. ஏதோ உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்து எடுத்தேன்.

``ஏட்டி, ஒரு சங்கதி கேக்கணும்."

``சொல்லு ஆச்சி."

``அந்த மானுக்கு ஒண்ணும் ஆகலியே?"

``ஒண்ணும் ஆகலை ஆச்சி. கார்ட்டூன்தானே!"

``கார்ட்டூன்னாலும் மான்தானே. காட்டுல கிடந்தது, பாவம், பள்ளிக்கூடத்துக்கு என்னத்துக்கு வந்துது?"

யோசித்துப் பார்த்தேன். பதில் தெரியவில்லை. இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறேன். போய்த்தான் சொல்ல வேண்டும்.